சாவியக்காவின் பலகை

ஒரே தெருவில் பிறந்து அதே தெருவில் வாழ்க்கைப்படுவது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வாய்த்தவர்கள் அதைப் பற்றி வாயை மூடிக்கொண்டு இருப்பதும் இல்லை. சாவியக்கா தெருமுனை வீட்டில் பிறந்தவள். அதே தெருவின் கோடி வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது அழுதாயா என்று யாராவது கேட்டால், "எங்க அழுதேன், மூக்கை உறிஞ்சுறதுக்குள்ள வீடு வந்துடுச்சே" என்பாள். தெருவில் இந்த ஜோக்குக்குச் சிரிக்காதவர்கள் இல்லை. சிரித்துச் சிரித்துக் களைத்தவர்களும் உண்டு.

அது ஒரு முட்டுச்சந்து. முனையில் நுழைந்தால் கோடியில் சாவியக்காவின் வீட்டு வாசலில்தான் போய் முட்ட வேண்டும். அதற்குப் பின்னால் பிஸ்கட் கம்பெனியின் மதில். மத்தியானம் அங்கே அடுப்பைத் திறக்கும்போது தெரு முழுக்க வெண்ணெயும் சர்க்கரையும் லேசாகக் கருகும் வாசனை வரும். மதிலில் ஒரு ஓட்டை இருந்தது. அந்தப் பக்கம் உடைந்த பிஸ்கட் போடும் கூடை. சின்ன வயதில் சாவியக்காவும் எதிர்வீட்டு சோடாபுட்டியும் அந்த ஓட்டைக்குள் கையை விட்டுத்தான் தங்கள் நட்பை வளர்த்தார்கள். சோடாபுட்டிக்குக் கண்ணாடி போட்டாலும் பார்வை அரைகுறை, ஆனால் கை நீளம். சாவியக்கா ஓட்டை வழியாகப் பார்த்து, "வலது பக்கம், இன்னும் கீழ, அங்கதான்" என்று சொல்லச் சொல்ல அவள் துழாவி எடுப்பாள். கிடைத்தது ஆளுக்குப் பாதி. அந்தப் பாதியில் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

சாவியக்காவின் தொழில் தையல். புதுத்துணி தைப்பதில்லை, நீளமானதைக் குட்டையாக்குவது, இறுக்கமானதைப் பிரித்துவிடுவது, ஜிப் மாற்றுவது, அவ்வளவுதான். அதனால் தெருவில் யார் பெருத்தார்கள், யார் இளைத்தார்கள் என்பது அவரவர் கண்ணாடிக்குத் தெரிவதற்கு முன் அவளுக்குத் தெரியும். மிஷின் ஜன்னலோரம் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் தெரு முழுவதும் நீளமாகக் கிடக்கும். யார் போனாலும் வந்தாலும் அவள் கண்ணில் படாமல் முடியாது. எந்நேரமும் வீட்டிலேயே இருக்கிற ஒருத்தி, எல்லோரையும் தெரிந்த ஒருத்தி. ஆகவே சாவி அவளிடம் வந்தது.

முதல் சாவி அவளுடைய அம்மா கொடுத்தது. "நீ வர்ற நேரம் நான் கடைக்குப் போயிருந்தா வெளிய நிக்காதே" என்று முனை வீட்டுப் பின்கதவின் இன்னொரு சாவியைக் கல்யாணமான மறுவாரமே கையில் திணித்தாள். இரண்டாவது சோடாபுட்டியுடையது. சாவியை எங்கே வைத்தோம் என்று கண்ணுக்கும் தெரியாது, மண்டையிலும் நிற்காது என்பதால், வாரத்துக்கொரு தடவை தன் வீட்டு வாசலிலேயே திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்பாள். பிறகு ஒவ்வொரு வீடாக வந்தது. அவள் கணவர் ஒரு பலகையில் வரிசையாக ஆணி அடித்து மிஷினுக்கு மேலே மாட்டிக்கொடுத்தார். எந்தச் சாவி யாருடையது என்று எழுதி ஒட்டும் வேலையெல்லாம் சாவியக்காவிடம் கிடையாது. அந்தந்த வீட்டிலிருந்து ஆல்ட்டர் செய்ய வந்த துணியில் மிஞ்சிய துண்டைச் சாவியில் முடிந்துவிடுவாள். பழுப்புக் கட்டம் போட்டது வாத்தியார் வீடு, அவர் பேன்ட்டில் வெட்டியது. சோடாபுட்டியுடையது நீலம், பள்ளிக்கூடப் பாவாடையின் மிச்சம். திருடன் வந்தால்கூட எந்தச் சாவி எந்த வீட்டுக்கு என்று தெரியாது என்று கணவர் மெச்சிக்கொள்வார்.

வெளியூர் போகிறவர்கள் வாசலில் நின்று, "அக்கா, சாவி உங்ககிட்ட இருக்கு, பாத்துக்கோங்க" என்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் எதையும் விட்டுக்கொடுப்பாள். விட்டும் கொடுத்தாள். கணவருக்கு வேறு ஊரில் குடியிருக்க வீட்டோடு பதவி உயர்வு வந்தபோது, "இந்தத் தெருவை விட்டுட்டு நான் எங்க வர்றது" என்று வேண்டாமென்று எழுதிக் கொடுக்க வைத்தாள். மனிதர் கடைசிவரை அதே நாற்காலியில் உட்கார்ந்து, தனக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் எழுந்து வணக்கம் சொல்லி ஓய்வுபெற்று, ஒரு வார்த்தை குறை சொல்லாமல் போய்ச் சேர்ந்தார். குறை சொல்லியிருந்தால்கூட அவளுக்கு மிஷின் சத்தத்தில் கேட்டிருக்காது.

மகன் பிரசவத்துக்கு மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதும் அப்படித்தான். பேத்தியைத் தூக்கிப் பார்த்துவிட்டு இரண்டாம் நாளே திரும்பிவிட்டாள். பள்ளிக்கூட விடுமுறை, தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. "ஊரே என்னை நம்பிச் சாவியைக் கொடுத்துட்டுப் போயிருக்கு" என்றாள். மகன் பஸ் ஸ்டாண்டு வரை வந்து ஏற்றிவிட்டான்.

அந்த மகன்தான் இப்போது வீட்டை விற்கச் சொல்கிறான். ஞாயிற்றுக்கிழமை வாங்குகிறவரோடு வருவதாகவும், அதற்குள் ஒரு முடிவு சொல்ல வேண்டும் என்றும் போனில் சொன்னான்.

"முடிவு என்னடா முடிவு. நான் போயிட்டா இந்தத் தெருவை யாரு பாத்துக்கறது?"

"தெரு தன்னைத்தானே பாத்துக்கும்மா."

"உனக்கு இந்தத் தெருவே ஆகாது. பொறந்து வளர்ந்த இடத்துல ஒரு ராத்திரி வந்து தங்க மாட்டேங்கிற. எந்த ஜென்மத்துப் பகையோ."

"ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்று வைத்துவிட்டான்.

அவளுடைய கோபம் நியாயமானது என்றே அவள் நினைத்திருந்தாள். படிப்பு முடித்து வேலையில்லாமல் தெருவைச் சுற்றிக்கொண்டிருந்த பையன், ஒரு நாள் திடுதிப்பென்று பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினான். கிடைத்த வேலையில் சேர்ந்தான். அதற்குப் பிறகு வந்தால் செருப்பைக்கூட முழுசாகக் கழற்றுவதில்லை. 'பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு' என்று சோடாபுட்டியிடம் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறாள். சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "விடுடி, விடுடி" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வியாழக்கிழமை வந்தது.

சோடாபுட்டி தாய்வீட்டிலேயே தங்கிவிட்டவள், இப்போது தனியாக இருப்பவள். கணவர் இல்லை, பிள்ளைகள் தூரத்தில். காலையில் பால் பாக்கெட்டை எடுக்கக் கதவைத் திறப்பாள், கோடி ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டுவாள். அங்கே சாவியக்கா இருப்பது அவள் கண்ணுக்குத் தெரியாது, இருப்பாள் என்று தெரியும். அன்று பால் பாக்கெட் வெயில் ஏறியும் வாசலிலேயே கிடந்தது. சாவியக்கா போய்க் கதவைத் தட்டினாள். உள்ளேயிருந்து மெல்லிய முனகல் கேட்டது.

வயதுக்கு மீறிய ஓட்டம் ஓடி, பலகையிலிருந்து நீலத் துணி முடிந்த சாவியை எடுத்து வந்தாள். அதற்குள் அக்கம்பக்கம் கூடிவிட்டது. வேலைக்குக் கிளம்பியவர்கள் பையும் கையுமாக நின்றார்கள். "தள்ளுங்க, தள்ளுங்க, என்கிட்ட சாவி இருக்கு" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள். அந்த அவசரத்திலும் அந்த வார்த்தையைச் சொல்வதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்ததைச் சொல்லாமல் விட முடியாது.

சாவி பாதிதான் நுழைந்தது. எடுத்துத் துடைத்து மறுபடி போட்டாள். அழுத்தினாள். திருப்பினாள். விரல்தான் வலித்தது.

"துருப்பிடிச்சிருக்கும். யாராவது கொஞ்சம் எண்ணெய் கொண்டாங்க" என்றாள்.

யாரும் நகரவில்லை. வாத்தியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவர் மனைவி தெருவின் மறுகோடியில் ஏதோ தெரிவது போல அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எண்ணெய்னு சொல்றேன்ல, எல்லாரும் மரம் மாதிரி நிக்கிறீங்க?"

அப்போது சோடாபுட்டியின் மாடியில் போன வருஷம் குடிவந்த நர்ஸ் பெண் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே படியிறங்கி வந்தாள். "விடுங்க ஆன்ட்டி, என்கிட்ட சாவி இருக்கு" என்று சொல்லி, பையிலிருந்து பளபளவென்று ஒரு சாவியை எடுத்துப் போட்டாள். கதவு சத்தமே இல்லாமல் திறந்தது.

சோடாபுட்டி குளியலறை வாசலில் கிடந்தாள். உயிருக்கு ஒன்றுமில்லை, இடுப்பில் அடி. ஆம்புலன்ஸ் வந்தது, நர்ஸ் பெண் கூடவே ஏறிக்கொண்டாள். போகும்போது சோடாபுட்டி கையை நீட்டி சாவியக்காவைத் தேடினாள். சாவியக்கா எட்ட நின்றாள். கையில் நீலத் துணி முடிந்த சாவி இன்னும் இருந்தது.

கூட்டம் கலைந்தது. ஒருவரும் அவளிடம் நின்று பேசவில்லை. சாதாரணமாக இப்படி ஒன்று நடந்தால் வாரம் முழுக்கப் பேசுகிற தெரு அது.

மத்தியானம் பிஸ்கட் வாசனை வந்தது. சாவியக்கா சாப்பிடவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்பார்வையில்லாதவள், பூட்டு கெட்டுப்போய் மாற்றியிருப்பாள், சொல்ல மறந்திருப்பாள் என்று ஒரு மனம் சொன்னது. அப்படியானால் எல்லோரும் ஏன் மரம் மாதிரி நின்றார்கள் என்று இன்னொரு மனம் கேட்டது. கடைசியாக இந்தச் சாவிகளில் ஒன்றை எப்போது ஒரு பூட்டில் போட்டோம் என்று யோசித்தாள். முன்பெல்லாம் அடுப்பை அணைக்க, காயப்போட்ட துணியை எடுக்க, மீன் தொட்டியில் தீனி போட என்று நாளுக்கொரு வீடு திறப்பாள். பிறகு குறைந்துவிட்டது. செல்போன் வந்ததும் எல்லோருக்கும் பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். நினைக்க வசதியாக இருந்தது.

ஆணிகளிலிருந்து சாவிகளையெல்லாம் உருவி ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பட்டப்பகல்; வேலைக்குப் போகிறவர்கள் போய்விட்ட நேரம். பூட்டிய வீடுகளாகப் பார்த்து ஒவ்வொரு கதவாக நின்றாள். பழுப்புக் கட்டம், வாத்தியார் வீடு: சாவி நுழையவே இல்லை. பச்சைக் கோடு: நுழைந்தது, திரும்பவில்லை. சிவப்புப் பூப்போட்டது: அந்தக் கதவில் சாவித் துவாரமே இல்லை, நம்பரை அமுக்கித் திறக்கிற பூட்டு. மஞ்சள், வெள்ளை, சாயம் போய் எந்த நிறமென்றே தெரியாதது. சில வீடுகளில் மாற்றிய பூட்டுக்கே வயதாகிவிட்டிருந்தது. நேற்று மாற்றியது இல்லை, போன வருஷமும் இல்லை. அப்படியே தெருமுனை வரை வந்துவிட்டாள். பையில் ஒரே ஒரு சாவி மிச்சம் இருந்தது. துணி எதுவும் முடியாத சாவி, அம்மா கொடுத்தது.

முனை வீடு இப்போது ஹார்டுவேர் கடை. அப்பா இறந்ததும் அவள் அண்ணன் விற்றுவிட்டான். வாங்கியவர் முன்கட்டை இடித்துக் கடையாக்கி, பின்கட்டில் குடியிருந்தார். சாவியக்கா அவருக்கு வைத்த பெயர் பிசினாறி. இடிக்கிற அன்று தெருவில் நின்று அவரை வாய்க்கு வந்தபடி திட்டியதோடு பேச்சை முறித்தாள். மகனையும் அந்தக் கடை வாசலை மிதிக்கக் கூடாதென்று சொல்லியிருந்தாள். வீட்டுச் சாவி இன்னொன்று இருக்குமே என்று அந்த மனிதர் ஆள் விட்டுக் கேட்டபோது, தொலைந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினாள். அது பலகையில் முதல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பக்கச் சந்தில் பின்கட்டின் கதவு. சின்ன வயதில் அவள் உயரத்துக்குப் பென்சிலால் அப்பா கோடு போட்ட அதே கதவு. மேலே பெயின்ட் அடித்திருந்தது. சாவியைப் போட்டாள். வெண்ணெயில் கத்தி இறங்கியது போல் இறங்கித் திரும்பியது.

உள்ளே பிசினாறி மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"வாம்மா. இந்தச் சாவி தொலைஞ்சு போச்சுன்னு சொன்ன?"

சாவியக்கா துணிப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"கடையிலேருந்து பாத்துட்டுதான் இருந்தேன். வீடு வீடா நின்னு வர்றே. ஒண்ணும் திறக்கலையா? திறக்காது. எல்லாம் நம்ம கடைப் பூட்டு."

"எப்ப மாத்துனாங்க?"

"வாத்தியார் வீட்டுல சங்கிலி காணாமப் போச்சே, அந்த வாரம். ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வந்தாங்க. ஒருத்தர் வாங்கினது இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாதுன்னு எல்லாரும் இந்தச் சந்து வழியாத்தான் வந்தாங்க. அந்த வாரம் ஸ்டாக்கே காலி ஆயிடுச்சு."

சங்கிலி காணாமல் போனது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. வாத்தியார் மனைவியின் பக்கத்தில் இருந்து தண்ணீர் கொடுத்து, தலையைத் தடவி, திருடனைச் சபித்தவளே சாவியக்காதான். கதவும் உடையவில்லை, ஜன்னலும் உடையவில்லை, எவன் இப்படி வந்தான் என்று எல்லோருக்கும் கேட்கும்படி வியந்ததும் அவள்தான். இப்போது அந்தக் கேள்விக்கு அன்று எல்லோருடைய மனதிலும் என்ன பதில் இருந்திருக்கும் என்பது புரிந்தது. வேலையில்லாத பையன். அம்மாவின் தலைக்கு மேலே சாவிப் பலகை.

"என் பையனையா?" என்றாள்.

"பின்னே, என்னையா?" என்றார் அவர். "உக்காரு. உன் பையன் எடுக்கல. அன்னைக்கு காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் என் கடையில பெயின்ட் டப்பா அடுக்கிட்டு இருந்தான். கைச்செலவுக்கு அப்பப்ப வருவான். அம்மாகிட்ட சொல்லிடாதீங்கன்னு கெஞ்சுவான்."

"இதை நீங்க யார்கிட்டயும் சொல்லலையா?"

"யாரும் கேக்கலையே. எல்லாரும் பூட்டுதான் கேட்டாங்க."

இதைச் சொல்லிவிட்டு அவர் தட்டில் மிச்சமிருந்ததை வழித்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. கேட்டதைக் கொடுத்துப் பழகியவர், கேட்காததைக் கொடுத்துப் பழகாதவர்.

"சோடாபுட்டியுமா?" என்று சாவியக்கா கேட்டாள். கேட்காமலே இருந்திருக்கலாம்.

"மொத ஆளே அந்தம்மாதான். பாவம், பூட்டோட விலை கண்ணுக்குத் தெரியாம என்னையே படிக்கச் சொன்னாங்க."

சாவியக்காவுக்கு மதில் ஓட்டையும், வலது பக்கம், இன்னும் கீழ என்று சொன்னதும் நினைவுக்கு வந்தது.

"அந்தச் சங்கிலி?"

"அடுத்த வருஷமே கிடைச்சுது. பரண்ல ஒரு பழைய பெட்டிக்குள்ள அவங்களே பத்திரமா வெச்சுட்டு மறந்துட்டாங்க. கழுத்துலதான் போட்டுக்கறாங்க. உன் முன்னாடி வர்றப்ப மட்டும் கழட்டி வெச்சுட்டு வருவாங்க."

"கிடைச்சதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"எப்படிச் சொல்வாங்க? கிடைச்சதைச் சொன்னா சந்தேகப்பட்டதையும் சொல்லணும். பழைய சாவியைத் திருப்பிக் கேட்டா உன் மனசு நோகும். நல்லவங்கம்மா எல்லாரும்."

நல்லவர்கள்தான். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. முகத்துக்கு நேரே திருடனைப் பெத்தவளே என்று ஏசியிருந்தால் பதிலுக்கு ஏசியிருப்பாள், சண்டை போட்டிருப்பாள், சங்கிலி கிடைத்த அன்று தெருவையே தன் காலடிக்கு வரவழைத்திருப்பாள். இவர்கள் அவள் மனம் நோகாமல் அவள் பிள்ளையைத் திருடனாக்கி, அவள் மனம் நோகாமலே அவனைத் தெருவை விட்டு அனுப்பி, அதற்குப் பிறகும் ஒவ்வொரு விடுமுறைக்கும் வாசலில் வந்து நின்று, "சாவி உங்ககிட்ட இருக்கு, பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். செத்த சாவிகளுக்கு அவள் இத்தனை காலம் காவல் இருந்திருக்கிறாள்.

"நீங்க மட்டும் ஏன் மாத்தல?"

"பூட்டு நல்லாத்தானே இருக்கு. நல்ல பூட்டை எதுக்கு மாத்தணும்?" என்றார். பிறகு வேறு பக்கம் பார்த்தபடி, "உன்கிட்டதான் சாவி இருக்குன்னு தெரியும். நீ வர மாட்டேன்னும் தெரியும். இப்ப வந்துட்டே. அதை நீயே வெச்சுக்கோ" என்றார்.

அவர் அதை ஒரு உபகாரமாகத்தான் சொன்னார். சாவியக்கா அந்தச் சாவியை அவருடைய தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என் பிள்ளைக்காக உங்க வாய் திறக்கல. எனக்கு உங்க கதவு திறந்தா என்ன, திறக்காட்டி என்ன" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அப்பா கோடு போட்ட கதவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மாலையே மகனுக்குப் போன் செய்தாள். வாங்குகிறவரைக் கூட்டிவா, கூடவே ஒரு வண்டியும் கொண்டுவா என்றாள். "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டான். "ஒண்ணும் ஆகல" என்றாள்.

சனிக்கிழமை சோடாபுட்டி வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆள் விட்டுக் கூப்பிட்டாள். சாவியக்கா போனாள். கட்டிலில் இடுப்பைச் சுற்றிக் கட்டோடு படுத்திருந்தவள், தலையணைக்கு அடியிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினாள். சாவியக்கா நின்ற பக்கத்துக்கு நீட்டவில்லை, ஒரு முழம் தள்ளி நீட்டினாள்.

"பழசு துருப்பிடிச்சுப் போச்சு போல இருக்குடி. இது புதுசு. இதை நீ வெச்சுக்கோ."

ஒரு காலத்தில் அந்தக் கையைச் சரியான திசைக்குத் திருப்பிவிடுவது சாவியக்காவின் வேலை. இப்போது அவள் அசையவில்லை.

"ஆணி ஒண்ணும் காலியா இல்லடி" என்றாள்.

சோடாபுட்டியின் கை அப்படியே நின்றது. பிறகு மடங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள். "நான் அப்ப..." என்றாள்.

"படு. இடுப்பு வலிக்கப் போகுது."

ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்தது. மிஷின், கட்டில், இரண்டு பெட்டி. தெருவே வாசலுக்கு வந்து நின்றது. வாத்தியார் மனைவி அழுதாள். கழுத்து வெறுமையாக இருந்தது. "நீங்க இல்லாம இந்தத் தெரு எப்படித்தான் இருக்கப்போகுதோ" என்றாள். "பத்திரமா இருக்கும்" என்றாள் சாவியக்கா. சாவியைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பலகையில் எல்லாவற்றையும் அந்தந்த ஆணியில் மாட்டி, சுவரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். முதல் ஆணி மட்டும் காலி.

வண்டி முனையைத் தாண்டியது. பிறகு கேட்டாள்.

"உனக்குத் தெரியுமாடா?"

எதைப் பற்றி என்று அவன் கேட்கவில்லை. "தெரியும்மா."

"எப்படி?"

"சங்கிலி காணாமப் போச்சே, அதே மாசம் ஒரு மழை பெஞ்சுது. சோடாபுட்டி அத்தை வீட்டு ஜன்னல் திறந்திருக்கு, போய் மூடிட்டு வான்னு நீதான் சாவியைக் கொடுத்து அனுப்புன. திறக்கல. வாசல்ல நனைஞ்சுகிட்டு நின்னேன். அக்கம்பக்கத்து வீட்டுல எல்லாரும் ஜன்னல் வழியா என்னையே பாத்துட்டு இருந்தாங்க. திருட வந்திருக்கேன்னு நெனச்சிருப்பாங்க."

அவளுக்கும் அந்த மழை நினைவிருந்தது. சொட்டச் சொட்ட வந்து நின்றவனிடம், ஜன்னலை மூடினாயா என்றுதான் கேட்டாள். மூடிட்டேன் என்றான். தலையைத் துவட்டிக்கொள் என்றுகூட அவள் சொல்லவில்லை.

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

மகன் ரோட்டைப் பார்த்தபடி ஓட்டினான். "சொல்லியிருந்தா நீ என்னை நம்பியிருப்பியா, தெருவை நம்பியிருப்பியா?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியவன் போலக் கேட்டான். வண்டி சிக்னலில் நின்றது, மறுபடி கிளம்பியது. உன்னைத்தான் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடி கடந்துவிட்டது என்பது இருவருக்குமே தெரிந்தது.

மகனுடைய வீடு மூன்றாவது மாடியில். கதவு தானாகவே பூட்டிக்கொள்கிற வகை. இழுத்து விட்டால் போதும், பிறகு சாவி இல்லாமல் வெளியிலிருந்து திறக்காது. மருமகள் நல்ல பெண். அறையைத் துடைத்து, படுக்கை விரித்து, மிஷினை ஜன்னலோரம் போடச் சொன்னாள். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர் தெரிந்தது. காலையில் ஆளுக்கொரு பக்கம் கிளம்பினார்கள். மகன் தன் சாவியை எடுத்துக்கொண்டான், மருமகள் தன்னுடையதை எடுத்துக்கொண்டாள், பேத்தி புத்தகப் பையின் ஓரத்தில் தன் சாவியை மாட்டிக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணு இருக்கா?" என்று சாவியக்கா கேட்டாள்.

மருமகள் சிரித்தாள். அதில் துளிக்கூட விஷம் இல்லை. "உங்களுக்கு எதுக்கு அத்தை சாவி? நீங்க எப்பவும் வீட்டுலதானே இருப்பீங்க."

மகன் வாசலில் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். கட்டி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தான். பிறகு எழுந்து, யாரையும் பார்க்காமல், கதவை இழுத்து விட்டுவிட்டுப் போனான்.